ஆன்லைன் விளையாட்டில் சொந்தப் பெயர் - ஒரு சின்ன வரலாறு

மேல்விஷாரத்தில் ஒருவர் தன் முழுப்பெயரைச் சொன்னால் பாதி விவரம் வெளியே வந்துவிடும். பெயரிலேயே மதம் தெரியும், ஆணா பெண்ணா என்று தெரியும். இனிஷியலில் அப்பா இருக்கிறார். கூடவே ஊர்ப் பெயரும் சேர்ந்தால் போதும், எந்தத் தெரு, அப்பாவுக்கு எந்த டேனரியில் வேலை என்று கண்டுபிடிக்க ஒரு போன் கால்தான் செலவு!

ஊருக்குள் இதில் ஆபத்து இல்லை. "யார் வீட்டுப் பையன்?" என்று கேட்பவரையும் நமக்குத் தெரியும். ஆனால் ஆன்லைனில் கூட ஆடுபவர் யார், எந்த ஊர், தோற்றால் என்ன செய்வார்... எதுவும் தெரியாது. அங்கே சொந்தப் பெயரைக் கட்டாயமாக்கினால் என்ன ஆகும்? இந்தக் கேள்விக்கு உலகம் ஏற்கெனவே சில பரீட்சைகள் எழுதிப் பார்த்துவிட்டது.

மூன்று நாள் சட்டம்

'வேர்ல்ட் ஆஃப் வார்கிராப்ட்' விளையாட்டை நடத்தும் பிளிசார்ட் என்ற அமெரிக்க நிறுவனம், 2010 ஜூலை 6-ம் தேதி ஓர் அறிவிப்பு விட்டது. இனி அதன் விவாதப் பக்கங்களில் எழுதுகிறவர்கள் முதல் பெயர், கடைசிப் பெயர் இரண்டையும் காட்ட வேண்டும். பெயர் தெரிந்தால் திட்டுகிறவர்கள் அடங்குவார்கள் என்பது கணக்கு.

"இதில் ஒன்றும் பயமில்லை" என்று காட்ட, அந்த நிறுவனத்தின் ஊழியர் ஒருவரே தன் நிஜப்பெயரை வெளியிட்டார். கொஞ்ச நேரத்தில் அவருடைய முகவரி, போன் நம்பர் என்று தேடி எடுத்து எல்லோர் பார்வைக்கும் வைத்துவிட்டார்கள். பெண் விளையாட்டாளர்கள் உட்பட ஆயிரக்கணக்கானோர் எதிர்த்தார்கள். ஜூலை 9-ம் தேதி நிறுவனம் பின்வாங்கியது. மூன்றே நாள்!

ஐந்து வருடப் பாடம்

தென்கொரியா இன்னும் பெரிய அளவில் இதைச் செய்து பார்த்தது. அங்கே பல இணையதளங்களில் சேர குடிமக்கள் பதிவு எண் கொடுக்க வேண்டியிருந்தது. நம்ம ஊர் ஆதார் எண் மாதிரி. 2006-லேயே 'லினியேஜ்' என்ற விளையாட்டில், ஆயிரக்கணக்கானோரின் திருடப்பட்ட எண்களை வைத்து வேறு யாரோ கணக்கு தொடங்கியது வெளியே வந்தது. இருந்தும் 2007-ல் பெரிய தளங்களில் எழுதுகிறவர்கள் அடையாளத்தை உறுதி செய்ய வேண்டும் என்று சட்டமே வந்தது.

விளைவு? 2011 ஜூலையில் நேட், சைவேர்ல்ட் தளங்களில் இருந்து சுமார் 3.5 கோடி பேரின் விவரங்கள் திருடு போயின. அதே ஆண்டு நவம்பரில் 'மேப்பிள் ஸ்டோரி' விளையாட்டின் சுமார் 1.3 கோடி பேரின் விவரங்கள் போயின. 2012 ஆகஸ்ட் 23-ல் அந்நாட்டு அரசியல் சாசன நீதிமன்றம் 2007 சட்டம் செல்லாது என்றது. சட்டம் வந்ததால் தவறான பதிவுகள் குறைந்ததாகத் தெரியவில்லை என்பதும் ஒரு காரணம்.

நம்ம பக்கம்

இந்தியாவில் 2011-ல் வந்த சைபர் கஃபே விதிகள், ப்ரவுசிங் சென்டருக்கு வருகிறவரின் அடையாளத்தைப் பார்த்து, பதிவேட்டில் எழுதி, ஒரு வருடம் வைத்திருக்கச் சொன்னது. கேட்டது அரசாங்கம். ஆனால் ஒரு நோட்டில் பெயர், முகவரி, போன் நம்பர் எழுதி மேஜை மேல் திறந்து வைத்தால் அடுத்து வருகிறவரும் படிப்பார் இல்லையா? சிக்கல் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

"பெயரை மறைத்தால் தப்பு செய்கிறவன் தப்பித்துவிடுவானே?" நியாயமான கேள்விதான். இதற்கு பதில் தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. பப்ஜி 2020 செப்டம்பரில் தடை செய்யப்பட்ட பிறகும் அதை ஆடி ஒளிபரப்பிய 'மதன் 18+' யூட்யூப் சேனல்காரர், பெண்களை ஆபாசமாகப் பேசினார் என்ற புகாரில் 2021 ஜூனில் தர்மபுரியில் கைதானார். வீடியோவில் முகம் காட்டாதவர்தான். போலீஸ் தேடிப் பிடித்துவிட்டது. அதற்கு ஆடுகிற அத்தனை பேரும் சொந்தப் பெயரை நெற்றியில் ஒட்டிக்கொள்ள வேண்டியிருக்கவில்லை.

2025 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு, பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளுக்கு ஆதார் சரிபார்ப்பைக் கட்டாயமாக்கியது. நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை ஆடவும் தடை. தனியுரிமை அடிப்படை உரிமை என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் புட்டசாமி வழக்கில் சொன்னதைக் காட்டி நிறுவனங்கள் வாதாடின. அந்த உரிமைக்கும் எல்லை உண்டு என்று 2025 ஜூனில் சென்னை உயர்நீதிமன்றம் விதிகளை ஏற்றது. அதே ஆகஸ்டில் பணம் கட்டி ஆடும் விளையாட்டுகளையே தடை செய்யும் சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றிவிட்டது.

தெரிய வேண்டியவர் யார்?

இந்த ஆதார் விதிக்கும் பிளிசார்ட் திட்டத்துக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. இதில் பெயர் தெரிவது நிறுவனத்துக்கு. அதில் தெரிவது ஊருக்கே. நிறுவனம் மட்டும் வைத்திருந்தாலும் திருடு போகலாம் என்பது கொரியப் பாடம். ஊருக்கே காட்டினால் திருடவே தேவையில்லை!

பெயர் மாற்றிப் புழங்குவது தமிழுக்குப் புதிதும் இல்லை. ரங்கராஜன் தன் மனைவி பெயரில் 'சுஜாதா' ஆனார். பத்திரிகை ஆபீசுக்கு அவர் யார் என்று தெரியும். வாசகருக்குக் கதை போதும்.

விளையாட்டிலும் அதுதான் கணக்கு. சட்டம் கேட்டால் பெயர் கிடைக்க வேண்டும். தோற்ற கோபத்தில் இருக்கிறவனுக்குக் கிடைக்கக் கூடாது. மேல்விஷாரத்துப் பெண் ஒருத்தி சொந்தப் பெயரில் ஆடினால் அவள் ஜெயித்தது யாருக்கும் ஞாபகம் இருக்காது. அவள் யார் மகள் என்பதுதான் பேச்சாகும். புனைபெயர் அவளுக்கு முகமூடி இல்லை, வீட்டுக் கதவு.