மருந்து காட்டிக்கொடுத்த நோய்கள்: சென்னையில் ஈசினோபிலியாவின் வரலாறு

இரத்தத்தில் ஈசினோபில் என்னும் வெள்ளணுக்கள் மிகுந்து, இரவில் இருமலும் மூச்சிரைப்பும் வருத்தும் நோய்க்குச் சென்னை மாகாணத்தில் தனி வரலாறு உண்டு. மதனப்பள்ளி காசநோய் மருத்துவமனையின் ஃபிரிமோட்-மோலர், எக்ஸ்ரேயில் காசம் போலத் தோன்றியும் காசமல்லாத இந்நோயை 1940இல் பார்ட்டனுடன் இணைந்து விவரித்தார். 1943இல் வைங்கார்ட்டன் இதற்கு வெப்பமண்டல ஈசினோபிலியா எனப் பெயரிட்டார். திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும் சென்னை மருத்துவக் கல்லூரியிலும் பயின்ற எல்லாப்பிரகத சுப்பாராவ் ஆய்வுத் தலைவராக இருந்த அமெரிக்க லெடர்லி ஆய்வுக்கூடத்தில், யானைக்கால் நோய்க்கென 1947இல் வெளிவந்த டைஎத்தில்கார்பமசின், 1950களில் இந்த இரைப்பையும் தணித்ததால், யானைக்காலை உண்டாக்கும் ஃபைலேரியா புழுவே இதற்கும் காரணம் என்னும் ஐயம் வலுத்தது. 1960இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் வெப், ஜாப், கால்ட் ஆகியோர் நோயாளிகளின் நுரையீரல் திசுவில் அப்புழுவின் நுண்குஞ்சுகளைக் கண்டு காட்டினர்.

மயிலாப்பூர் முதல் அடையாறு வரை இப்புழுவைப் பரப்பும் க்யூலெக்ஸ் கொசு மலிந்த நகரில், இரைப்போடு ஈசினோபில் மிகும்போது மருத்துவர் முதலில் புழுவை ஐயுறுவது முறையே. ஆயினும் இவ்விரு குறிகளோடு அரியதொரு இரத்தக்குழாய் நோயும் வரக்கூடும். நியூயார்க் மவுண்ட் சினாய் மருத்துவமனையின் ஜேக்கப் சர்க்கும் லோட்டே ஸ்ட்ராஸும் 1951இல் 13 பேரை ஆராய்ந்து விவரித்த இந்நோயில், பெரும்பாலும் ஆஸ்துமா பல ஆண்டுகள் முந்திவர, பின்னர் சிறு இரத்தக்குழாய்களின் சுவர் அழற்சியால் சிதைந்து, நரம்பும் தோலும் இதயமும் பழுதுறுகின்றன.

மூச்சுக்குழலைச் சுருக்கும் லூகோட்ரையீன் என்னும் வேதிப்பொருளின் செயலைத் தடுக்கும் ஸாஃபிர்லுகாஸ்ட் மாத்திரைக்கு அமெரிக்கா 1996இல் ஒப்புதல் அளித்தது. அதை உட்கொண்ட 8 பேருக்கு இந்நோயின் குறிகள் தோன்றியதாக 1998இல் வெளியான அறிக்கை, மருந்தே குற்றவாளியோ என்னும் கேள்வியை எழுப்பியது. ஆனால் அவர்கள் ஆஸ்துமாவுக்காக உட்கொண்டுவந்த ஸ்டீராய்டைக் குறைத்த பின்னரே நோய் வெளிப்பட்டதால், அதுவரை ஸ்டீராய்டு அடக்கிவைத்திருந்த நோயே தலைகாட்டியது என்னும் விளக்கம் பரவலாக ஏற்கப்பட்டது. ஸ்டீராய்டு குறைக்கப்படாத சிலருக்கும் நோய் தோன்றியிருப்பதால் ஐயம் முற்றிலும் நீங்கவில்லை. அதே வகையைச் சேர்ந்ததும் இன்று தியாகராய நகர் மருந்துக்கடைகளில் எளிதாகக் கிடைப்பதுமான மான்டெலுகாஸ்டின் குறிப்புத்தாளிலும் இவ்வெச்சரிக்கை உண்டு.

ஒரு நோயின் காரணத்தை மருந்து கொடுத்ததும், மற்றொன்றின் இருப்பை மருந்து குறைத்ததும் வெளிக்கொணர்ந்தன. ஆகவே புழு மருந்துக்கும் அடங்காத ஈசினோபிலோடு பாத மரமரப்போ தோல் தடிப்போ காணும் ஆஸ்துமா நோயாளியிடம் இரத்தக்குழாய்களை ஆராய்வதும், ஸ்டீராய்டை மருத்துவரின் கண்காணிப்பிலேயே குறைப்பதும் இவ்வரலாறு வற்புறுத்தும் கடமைகளாகும்.