சுழலும் பெட்டியும் அடுக்கிய ஒலியும்

ஒலிமேல் ஒலியை அடுக்கி வாசிப்பது சிந்தசைசரோடு பிறந்த புதுமை எனக் கருதுவார் உளர். அஃது அவ்வாறன்று. ஐரோப்பியத் தேவாலயங்களில் இருந்த குழாய் ஆர்கனில், ஒவ்வோர் ஒலிவகைக்கும் தனித்தனிக் குழாய் வரிசை உண்டு. குமிழை இழுத்தால் ஒரு வரிசை சேரும். மற்றொன்றை இழுத்தால் அதன்மேல் இன்னொன்று சேரும். நம்மவர் கைப்பழக்கத்தில் உள்ள ஆர்மோனியத்துக் குமிழ்களும் இந்த மரபில் வந்தவையே. ஆயின், பல ஒலிகளை அடுக்குங்கால் ஆர்கன் ஒலி மட்டும் உயிரிழந்து நிற்பதேன் என்னும் வினாவுக்கு விடை காண, அமெரிக்காவில் நிகழ்ந்த ஒரு வரலாற்றை அறிதல் வேண்டும்.

சிக்காகோவில் மின்கடிகாரம் செய்து வந்தவர் லாரன்ஸ் ஹாமண்ட். கடிகாரத்தை ஒரே சீராக ஓட்டிய மோட்டார், ஓர் இசைக்கருவியையும் சுருதி தவறாமல் ஓட்டக் கூடும் என அவர் கண்டார். 1934இல் காப்புரிமை பெற்றார். 1935இல் கருவி விற்பனைக்கு வந்தது. அதனுள் 91 பற்சக்கரங்கள் சுழலும். ஒவ்வொன்றின் அருகிலும் கம்பி சுற்றிய காந்தம் ஒன்று உண்டு. பற்கள் அதனைக் கடக்குந்தோறும் மின்னலை எழும். இவ்வாறு எழும் தூய ஒலிகளை, ஒன்பது இழுகோல்களை எட்டுப் படிகளுள் வேண்டிய அளவு இழுத்து வாசிப்பவர் கலந்துகொள்வார். அடிப்படைச் சுருதியும் அதனின்று கிளைக்கும் மேற்சுருதிகளும் சேர்ந்து ஒரே ஒலியாகும். தாடியஸ் காஹில் என்பார் 1897லேயே இவ்வெண்ணத்திற்குக் காப்புரிமை பெற்றிருந்தார். ஆனால் அவர் 1906இல் நியூயார்க்கில் நிறுவிய பொறி ஏறத்தாழ இருநூறு டன் எடை கொண்டது, வீட்டிற்குள் வைக்கத்தக்கதன்று.

குழாய் ஆர்கன் வாங்க இயலாத தேவாலயங்கள் ஹாமண்டின் கருவியை விரும்பி வாங்கின. அது குழாய் ஆர்கனுக்கு நிகரானதென்ற விளம்பரத்தின்மேல் 1936இல் அமெரிக்க வணிக ஆணையம் வழக்குத் தொடர்ந்தது. 1937இல் சிக்காகோவின் ராக்ஃபெல்லர் தேவாலயத்தில் இரண்டையும் மறைவில் வாசித்துச் சோதனையும் நடத்தினர். 1938இல், அத்தகைய விளம்பரங்கள் சிலவற்றைக் கைவிடுமாறு ஆணை பிறந்தது.

உண்மைக் குறையைக் கண்டவர் லாஸ் ஏஞ்சலிசில் இருந்த டான் லெஸ்லி. பெரிய கூடத்தில் இனித்த கருவி, சிறிய அறையில் தட்டையாக ஒலிப்பதை அவர் உணர்ந்தார். குழாய் ஆர்கனின் ஒலி பல இடங்களிலிருந்து வருவது. மின் ஆர்கனின் ஒலியோ ஒரே பெட்டியின் ஒரே வாயிலிருந்து வருவது. எனவே ஒலியையே சுழற்றிவிட்டால் என்ன என்று எண்ணினார். அவர் செய்த பெட்டி 1941இல் விற்பனைக்கு வந்தது.

அதன் மேற்புறத்தில் இரு வாய் கொண்ட கொம்பு ஒன்று சுழலும். அவ்விரண்டுள் ஒன்று ஊமை. சமனிலைக்காக மட்டும் வைக்கப்பட்டது. கீழே தாழ்ந்த ஒலிகளுக்கென ஓர் உருளை சுழலும். கொம்பின் வாய் கேட்பவரை நோக்கி வரும்போது சுருதி சற்றே ஏறும், விலகும்போது இறங்கும். பிற்காலப் பெட்டிகளில் வேகம் இரண்டு: விரைவில் நிமிடத்திற்கு ஏறத்தாழ 400 சுற்று, மெதுவில் ஐம்பதிற்கும் குறைவு. இலேசான கொம்பு விரைவில் வேகமெடுக்கும். கனத்த உருளை பின்தங்கி வரும். இந்த இடைவெளியே வாசிப்பவரின் பெருஞ்செல்வம்.

ஹாமண்ட் இப்பெட்டியை ஏற்கவில்லை. தம் கருவி தம் பெட்டியிலேயே ஒலித்தல் வேண்டும் என்பது அவர் பிடிவாதம். ஆக்கியோன் என்ற முறையில் அவருக்கு அவ்வுரிமை உண்டு என்று வாதிடலாம். ஆனால் கறுப்பர் தேவாலயங்களிலும், ஜிம்மி ஸ்மித் போன்ற ஜாஸ் கலைஞரிடத்திலும், கருவியும் பெட்டியும் பிரிக்க இயலாத ஒன்றாயின. தீர்ப்பளித்தவர் வாசித்தவரே. 1973இல் ஹாமண்ட் மறைந்தார். 1980இல் அவர் தொடங்கிய நிறுவனமே லெஸ்லி பெட்டியின் உரிமையை விலைக்கு வாங்கியது.

இனிச் சிந்தசைசருக்கு வருவோம். 1988இல் வந்த கோர்க் எம்1 எட்டு ஒலிகள் வரை அடுக்கவல்லது. ஆனால் அவை எல்லாவற்றிற்கும் சேர்த்து எஃபெக்ட் இரண்டே. தனியே வாசிக்கும்போது சுழற்சியோடு ஒலித்த ஆர்கன், அடுக்கினுள் புகுந்தவுடன் தன் எஃபெக்டை வாயிலிலேயே விட்டுவிடும். அங்கே அடுக்கிற்குரிய எஃபெக்டே ஆளும். சுழற்சியை அடுக்கு முழுவதற்கும் இட்டாலோ பியானோவும் வயலினும் கூடச் சுழலத் தொடங்கும். பியானோ லெஸ்லி பெட்டிக்குள் இருந்ததன்று. ஆதலின் காது அதனை மறுக்கிறது. ஆர்கனை ஒரு வழியிலும் ஏனையவற்றை மறு வழியிலும் அனுப்பி இதனைத் தீர்க்கலாம். அப்போது ஓர் எஃபெக்ட் ஆர்கனுக்கே செலவாகிவிடும். அதற்குக் கூடத்தின் எதிரொலி கிட்டாது.

எஃபெக்டுகளின் வரிசையையும் வரலாறே வகுத்துள்ளது. அதிர்வுச் சேர்க்கை ஆர்கனுக்குள் இருந்தது; அது முதலில் நிற்கும். கரகரப்பைத் தந்த வால்வுப் பெருக்கி பெட்டிக்குள், சுழலும் உறுப்புக்கு முன் இருந்தது. எனவே ஓவர்டிரைவ் அடுத்து, சுழற்சி அதன் பின். எதிரொலி அறையைச் சார்ந்தது, அது கடைசி. சுழற்சியை முன்னும் ஓவர்டிரைவைப் பின்னும் வைத்தால் எழுவது கலங்கிய ஒலியே.

இன்னும் இரண்டு உள. ஹாமண்ட் கட்டைகள் அழுத்தத்தின் வேறுபாட்டை அறியா; ஆதலின் அடுக்கில் பியானோ விரலழுத்தத்திற்கேற்ப ஒலிக்க, ஆர்கனின் அளவை நிலையாக நிறுத்தி, கால்மிதியால் மட்டும் ஏற்றி இறக்குதல் தகும். பியானோவுக்காக மிதிக்கும் நீட்டல் மிதியை ஆர்கனுக்கு எட்டாதபடி அடைத்தலும் வேண்டும். இன்றேல் பழைய சுரங்கள் ஓயாமல் தொங்கும்.

2011இல் வெளிவந்த கோர்க் குரோனோஸ் கருவியில், ஆர்கன் பகுதிக்குள்ளேயே அதிர்வும் பெருக்கியும் சுழலும் பெட்டியும் சேர்த்து வைக்கப்பட்டன. அடுக்கில் எங்கே இட்டாலும் ஆர்கன் தன் பெட்டியைத் தானே சுமந்து சென்றது.