குட்டி ஜப்பானில் பாப்பாய்

போன எபிசோடுல ஒரு இடத்துல, "எண்பதுகளோட ஆர்கேட் காலம் மாதிரி இனி வராது"ன்னு ரொம்ப ஏக்கமா சொல்லியிருந்தேன். எடிட் பண்ண உட்கார்ந்தப்போ எனக்கே சிரிப்பு வந்துடுச்சு. நான் பிறந்தது 1997-ல. வளர்ந்தது சிவகாசிப் பக்கம். காசு போட்டு ஆடுற மெஷினை நான் முதல்ல பார்த்ததே விருதுநகர் பங்குனிப் பொங்கல் பொருட்காட்சியில, அதுவும் 2000-க்கு அப்புறம். அப்போ நான் எண்பதுகளை நினைச்சு ஏங்கினது யாரோட ஏக்கம்? அமெரிக்காக்காரங்களும் ஜப்பான்காரங்களும் இணையத்துல எழுதினதைப் படிச்சுப் படிச்சு நம்ம மேல ஒட்டிக்கிட்டதா?

இதுக்குப் பதில் தேட ஒரே ஒரு விளையாட்டை எடுத்துக்கிட்டேன். 1982-ல நின்டெண்டோ ஆர்கேடுக்காக வெளியிட்ட 'பாப்பாய்'. கார்ட்டூன்ல கீரை தின்னு கை வீங்குற அதே மாலுமிதான்.

கேசட்டுக்குள் வந்த மாலுமி

ஆடாதவங்களுக்காக ஆட்டத்தைச் சொல்லிடுறேன். மேல் மாடியில ஆலிவ் நின்னுக்கிட்டு இதயங்களைக் கீழே போட்டுக்கிட்டே இருப்பா. பாப்பாய் ஓடி ஓடி அதைப் பொறுக்கணும். தண்ணியில விழுந்தா கொஞ்ச நேரம்தான் தாங்கும். அதுக்குள்ள எடுக்கலைன்னா ஒரு உயிர் போச்சு. இதுக்கு நடுவுல தாடிக்காரன் ப்ரூட்டஸ் துரத்துவான். கீரை டப்பா கைக்கு வந்தா கொஞ்ச நேரத்துக்கு அவனை அடிச்சுத் தள்ளலாம். அடுத்த கட்டத்துல இதயத்துக்குப் பதிலா இசைக்குறிகள் விழும், அதுக்கடுத்து எழுத்துகள். மரியோ மாதிரி குதிக்கவெல்லாம் முடியாது. பட்டனை அழுத்தினா குத்து விடுவான், படியில ஏறுவான், இறங்குவான். அவ்வளவுதான்.

எங்க தெருவுல இது வந்து சேர்ந்தது ஆர்கேட் மெஷின்ல இல்லை, கேசட்ல. தீபாவளி போனஸ் பணத்துல எங்க அப்பா ஒரு டிவி கேம் வாங்கிட்டு வந்தார். நின்டெண்டோவோட மெஷினைப் பார்த்து அடிச்ச சீன நகல். கூடவே மஞ்சள் கலர்ல ஒரு கேசட், அதுமேல நூத்துக்கணக்குல விளையாட்டு இருக்குன்னு ஒரு பொய். ஓடலைன்னா வெளியே எடுத்து 'ஃபூ'ன்னு ஊதி மறுபடியும் சொருகுவோம். அந்தப் பட்டியல்ல பாதி, அதே விளையாட்டு வேற பேர்ல திரும்ப வரும். ஆனா பாப்பாய் இருப்பான்.

அவன் ஏன் அங்கே இருந்தான்னு எஞ்சினியரிங் படிச்ச அப்புறம்தான் எனக்குப் புரிஞ்சது. 1983 ஜூலை 15 அன்னைக்கு ஜப்பான்ல ஃபேமிகாம் மெஷின் விற்பனைக்கு வந்தப்போ அதோட வந்த விளையாட்டுகள் மூணே மூணு. டாங்கி காங், டாங்கி காங் ஜூனியர், பாப்பாய். ஆரம்ப கால விளையாட்டு என்பதால எல்லாமே ரொம்பச் சின்னது. பாப்பாயோட நிரல் 16 கிலோபைட், படங்கள் 8 கிலோபைட், மொத்தம் 24. இன்னைக்கு நம்ம போன்ல எடுக்கிற ஒரு போட்டோவுல நூத்துல ஒரு பங்கு கூட வராது. பின்னாடி வந்த சூப்பர் மரியோவே 40 கிலோபைட். ஒரே கேசட்ல முடிஞ்ச அளவு திணிக்கணும்னு நினைக்கிற நகல்காரனுக்கு எது சின்னதோ அதுதான் லாபம். அப்படித்தான் 1982-ஓட ஆர்கேட் விளையாட்டு, இருபது வருஷம் கழிச்சு எங்க வீட்டு டிவிக்கு வந்தது.

கிடைக்காத உரிமம்

சரி, ஜப்பான் பக்கம் போவோம். நின்டெண்டோ 1889-ல கியோட்டோ நகரத்துல தொடங்கினப்போ அது ஒரு சீட்டுக்கட்டுக் கம்பெனி. 'ஹனாஃபுடா'ன்னு பூப்படம் போட்ட அட்டைகள். காகிதம், மை, அச்சு, இதுதான் தொழில். 1959-ல டிஸ்னிகிட்ட உரிமம் வாங்கி மிக்கி மவுஸ் படம் போட்ட சீட்டுக்கட்டு விட்டாங்க. அது நல்லா வித்தது. கார்ட்டூன் முகம் ஒண்ணு இருந்தா குழந்தைங்க இருக்கிற வீட்டுக்குள்ள பொருள் போகும்னு அந்தக் கம்பெனி அப்பவே பார்த்துக்கிச்சு.

1980-ல 'ரேடார் ஸ்கோப்'னு ஒரு ஆர்கேட் விளையாட்டை அமெரிக்காவுக்கு அனுப்பினாங்க. சுமார் 3,000 மெஷின் போச்சு, அதுல 2,000 போல விக்காமலேயே நின்னுடுச்சு. அந்தப் பெட்டிகளை வீணாக்காம உள்ளே வேற விளையாட்டு போட்டு விக்கணும். அந்த வேலை ஷிகெரு மியாமோட்டோன்னு ஒரு இளைஞர் கைக்கு வந்தது. தொழில் வடிவமைப்பு படிச்சவர், 1977-ல ஓவியரா வேலைக்குச் சேர்ந்தவர். பாப்பாய், ஆலிவ், முரட்டு எதிரி, இந்த மூணு பேரை வச்சுத்தான் அவர் முதல்ல யோசிச்சார். ஆனா அந்த நேரத்துல பாப்பாய்க்கான உரிமம் கைகூடலை. அதனால மாலுமி இருந்த இடத்துல ஒரு தச்சன், ஆலிவ் இடத்துல ஒரு பொண்ணு, எதிரி இடத்துல ஒரு கொரில்லா. 1981-ல அது 'டாங்கி காங்'னு வெளிவந்தது. அந்தத் தச்சன்தான் பின்னாடி மரியோ ஆனவன். அப்புறம் உரிமமும் கிடைச்சு, 1982-ல நிஜமான பாப்பாய் விளையாட்டும் வந்தது.

அதாவது, அடுத்தவங்க வரைஞ்ச படத்தைக் கேட்காம எடுக்கக்கூடாதுங்கிற ஒரு கட்டுப்பாட்டுலதான் மரியோ பிறந்தான். அவனை எங்க தெருவுக்குக் கொண்டு வந்தது எந்த உரிமத்தையும் கண்டுக்காத ஒரு மஞ்சள் கேசட்.

இன்னொண்ணும் சொல்லணும். டாங்கி காங் ஆர்கேட் விளையாட்டு 2018-ல நின்டெண்டோ ஸ்விட்ச்ல மறுபடியும் விற்பனைக்கு வந்தது. கூடப் பிறந்த பாப்பாய்க்கு அந்த யோகம் இல்லை, ஏன்னா அவன் முகம் வேற கம்பெனிக்குச் சொந்தம். செகார்ங்கிற ஓவியர் 1929 ஜனவரியில முதல்ல வரைஞ்ச அந்த பாப்பாய், அமெரிக்காவுல 2025 ஜனவரி 1 அன்னைக்குத்தான் பொதுவுடைமை ஆனான். அதுவரைக்கும் அந்த ஆட்டம் எங்களை மாதிரிப் பசங்ககிட்ட உயிரோட இருந்ததுக்கு ஒரு காரணம் நகல் கேசட். அது சரின்னு நான் வாதாட வரலை. நடந்தது இது.

இன்னொரு ஜப்பான்

சிவகாசியை 'குட்டி ஜப்பான்'னு நேரு சொன்னதா எங்க ஊர்ல எல்லாரும் சொல்வாங்க. மழை குறைவான, விவசாயம் ஏமாத்துற கரிசல் பூமி. இங்கிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-ல கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கத்துக்கிட்டுத் திரும்பினாங்க. மழையும் ஈரமும் குறைவா இருக்கிறது விவசாயத்துக்குச் சாபம், மருந்து காயறதுக்கு வரம். தீப்பெட்டி வந்தா லேபிள் வேணும், லேபிள் வேணும்னா அச்சாபீஸ் வேணும். 1940-கள்ல பட்டாசு ஆபீஸ்கள் வந்தப்போ இன்னும் பெரிய லேபிள், இன்னும் நிறைய கலர். பிறகு காலண்டர், டைரி. 1972-ல முத்து காமிக்ஸும் 1984-ல லயன் காமிக்ஸும் சிவகாசியில இருந்துதான் வெளிவந்துச்சு. இரும்புக்கை மாயாவி தமிழ் பேசினது எங்க ஊர் மையிலதான்.

அதனால கியோட்டோவும் சிவகாசியும் ஒரே பாடத்தைக் கத்துக்கிட்ட ஊர்கள்னு சொல்லலாம். காகிதத்துல ஒரு முகத்தை அச்சடிச்சா பொருள் விக்கும். அணில் மார்க், சேவல் மார்க்குன்னு படத்தைச் சொல்லித்தான் பட்டாசு கேட்போம், இல்லையா? எங்க அப்பா வேலை பார்த்த அச்சாபீஸ்ல இருந்து வேஸ்ட் ஷீட் கொண்டு வருவார். கலர் விலகின பட்டாசு லேபிள்கள். எலி, பூனை, வாத்து, எந்த நாட்டுக் கார்ட்டூன்னே தெரியாத முகங்கள். என் பாடப் புத்தகம் எல்லாத்துக்கும் அதுதான் அட்டை. ஒரு வருஷம் கணக்குப் புத்தகத்துமேல மூணு கண்ணோட ஒரு பூனை இருந்தது. இதுக்கெல்லாம் யார்கிட்டயாவது உரிமம் கேட்டாங்களான்னு அந்த வயசுல எனக்குத் தோணவே இல்லை.

இது வரைக்கும் கதை ஜாலியா இருக்கு. நானும் இந்த எபிசோடை இதோட முடிச்சிருப்பேன்.

1982-ல ஒன்பது வயசு

ஸ்கிரிப்ட் எழுதிக்கிட்டு இருக்கும்போது லேப்டாப்ல பாப்பாயை ஓட விட்டிருந்தேன். எங்க அம்மா பக்கத்துல வந்து உட்கார்ந்தாங்க. இது எந்த வருஷம் வந்ததுன்னு கேட்டாங்க. 1982-ன்னு சொன்னேன். "அப்போ எனக்கு ஒன்பது வயசு. தீப்பெட்டி ஆபீஸ் போய்க்கிட்டு இருந்தேன்"னாங்க.

எனக்கு அது தெரியாத விஷயம் இல்லை. சாத்தூர்ப் பக்கம் அவங்க கிராமத்துக்கு விடியறதுக்கு முன்னாடியே ஆபீஸ் பஸ் வரும், தூங்குற பிள்ளையைத் தூக்கி உள்ளே உட்கார வைப்பாங்கன்னு சின்ன வயசுல இருந்து கேட்டிருக்கேன். கட்டை அடுக்கணும், லேபிள் ஒட்டணும். மாசச் சம்பளம் கிடையாது. எத்தனை கட்டை, எத்தனை குரோஸ்னு எண்ணித்தான் கூலி. ஒரு குரோஸ்னா 144 பெட்டி. எல்லாம் தெரியும். ஆனா அந்த வருஷத்தையும் இந்த விளையாட்டோட வருஷத்தையும் நான் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்ததே இல்லை.

இது எங்க வீட்டுக் கதை மட்டும் இல்லை. இந்தப் பகுதியில தீப்பெட்டி, பட்டாசுத் தொழில்ல குழந்தைகள் வேலை பார்த்தது நாடே பேசின விஷயம். எம்.சி. மேத்தா 1986-ல உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். அதே வருஷம் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது; தீப்பெட்டி, பட்டாசு தயாரிப்புல 14 வயசுக்குக் கீழே உள்ளவங்களை வேலைக்கு வைக்கக்கூடாதுன்னு சொன்னது. ஆனா குடும்பத்தோட சேர்ந்து வீட்டுல செய்ற வேலைக்கு அதுல விலக்கு இருந்தது. பெட்டி ஒட்டுறது வீட்டுக்கு வந்துட்டா சட்டம் வாசல்லயே நின்னுடும். 1990-ல சலம் பென்னூர்கர் எடுத்த ஆவணப்படத்தோட பேரே 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்'. மேத்தா வழக்குல தீர்ப்பு வந்தது 1996 டிசம்பர் 10. ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் நலநிதியில கட்டணும்னு நீதிமன்றம் சொன்னது. அப்போ எங்க அம்மாவுக்கு 23 வயசு. மறு வருஷம் நான் பிறந்தேன்.

இப்போ என் கேள்விக்கு வரேன். எண்பதுகளோட ஆர்கேட் ஏக்கம்னு சொல்றதுக்கு மெஷின் மட்டும் போதாது. பள்ளிக்கூடம் விட்ட அப்புறம் ஒரு காலி சாயங்காலம் வேணும், செலவழிக்க ஒரு சில்லறைக் காசு வேணும். 1982-ல ஒன்பது வயசுல இருந்த எத்தனையோ பேருக்கு இங்கே அந்தச் சாயங்காலம் கிடையாது. எனக்குக் கிடைச்சது. சட்டம், வழக்கு, சத்துணவு, பள்ளிக்கூடம், என் பிள்ளையை ஆபீஸுக்கு அனுப்ப மாட்டேன்னு நின்ன அம்மாக்கள், இவ்வளவும் சேர்ந்துதான் 2005-ல என்னை அந்த மஞ்சள் கேசட்டுக்கு முன்னாடி உட்கார வச்சது. என் ஏக்கம் போலி இல்லை. எங்க குடும்பத்துல அது என்கிட்டதான் ஆரம்பிக்குது.

அம்மா கையில கீபோர்டைக் கொடுத்தேன். கொஞ்ச நேரம் பார்த்துட்டு, "ஏம்ப்பா, அந்தப் பொம்பளை போட்டுக்கிட்டே இருக்கா, இவன் பொறுக்கிக்கிட்டே இருக்கான். பின்னாடி ஒருத்தன் விரட்டுறான். இது ஆபீஸ் மாதிரில்ல இருக்கு"ன்னாங்க. ஆனா எழுந்திருக்கலை. முதல் கட்டத்துல நாலு தடவை தோத்தாங்க. அஞ்சாவது தடவை கீரை டப்பாவை எடுத்து ப்ரூட்டஸைக் குத்தினப்போ, "அப்படிப் போடு"ன்னு சத்தமா சிரிச்சாங்க. மைக் ஆஃப்ல இருந்தது. அதுல மட்டும் எனக்கு வருத்தம்.

உங்க வீட்டுல எண்பதுகள்ல சின்னப் பிள்ளையா இருந்தவங்க யாராவது இருந்தா, அப்போ என்ன விளையாடினீங்கன்னு மட்டும் கேட்டுப் பாருங்க. பதிலைக் குரல் பதிவா அனுப்புங்க. அடுத்த எபிசோடு முழுக்க அதைத்தான் போடப் போறேன்.