சட்ட ஆராய்ச்சியும் நம் சமூக வரலாறும்

புதுவைப் பெரிய மார்க்கெட்டில் கீரை விற்கும் தாய் ஒருவர், சில ஆண்டுகளுக்கு முன்பு, தம் பாட்டனார் பெட்டியிலிருந்த பழைய பிரெஞ்சுத் தாளொன்றை நம்மிடம் கொண்டுவந்தார். குடும்ப வீட்டைப் பாகம் பிரிப்பதில் உடன்பிறந்தாரோடு வழக்கு. பட்டம் பெற்ற தலைமையாசிரியராய் இருந்தும் நம்மால் அதனைப் படிக்க இயலவில்லை. அவருடைய வழக்கறிஞராலும் இயலவில்லை. மொழியறிந்த முதியவர் ஒருவர் படித்துச் சொன்ன பின்னரே, அது அவர்தம் முன்னோர் சாதி வழக்கச் சட்டத்தைத் துறந்த பத்திரம் என்பது விளங்கிற்று.

அத்தாளின் பின்னே ஒரு வரலாறு உண்டு. 1819ஆம் ஆண்டு ஆணையால் பிரெஞ்சுச் சட்டங்கள் இங்கு நடைமுறைக்கு வந்தபோதும், திருமணம், சொத்துரிமை முதலியவற்றில் இந்தியர்க்கு அவரவர் சாதி வழக்கமே சட்டமாக நீடித்தது. 1873இல் வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை காலணியுடன் நீதிமன்றம் புகுந்தமைக்காகத் தண்டிக்கப்பட்டார். பாரிஸ் வரை மேல்முறையீடு செய்து வென்றார். பின்னர் 1881 செப்டம்பர் 21ஆம் நாள் ஆணை, விரும்பியோர் தம் வழக்கச் சட்டத்தைத் துறந்து, குடும்பப் பெயர் ஏற்று, பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தின்கீழ் வர வழி திறந்தது. அவரும் அவ்வாறே துறந்து 'லாபோர்த்' என்னும் பெயர் பூண்டார்.

அவர் உயர்குடியினர். ஆயினும், அவ்வழியே சென்ற 'ரெனோன்சான்'களில் கணிசமானோர் தாழ்த்தப்பட்ட மக்களும் கிறித்தவர்களுமே ஆவர். ஆண்மக்களுக்கு நிகராகப் பெண்மக்களுக்கும் பங்களிப்பது பிரெஞ்சுச் சட்டம். சாதி வழக்கத்தை உதறுவது நம் முன்னோர்க்கு வெறும் பெயர் மாற்றமன்று. மனிதராய் நிமிரும் முயற்சியாகும். ஆனால் 1884இல் வாக்காளர் பட்டியல் மூன்றாகப் பிரிக்கப்பட்டு, அவர்கள் தனிப் பட்டியலில் வைக்கப்பட்டனர். சட்டம் திறந்த கதவை அரசியல் பாதி மூடியது.

இது முடிந்துபோன கதையன்று. 1963இல் இந்துத் திருமணச் சட்டமும் இந்து வாரிசுரிமைச் சட்டமும் புதுவைக்கு நீட்டிக்கப்பட்டபோது, ரெனோன்சான்களுக்கு அவை பொருந்தா என விலக்களிக்கப்பட்டது. ஆகவே அந்தக் கீரைக்காரத் தாயின் பங்கு, அத்தாளின் பொருளைப் பொறுத்ததாயிற்று. இத்தகைய தாள்கள் நம் வீடுகளில் இன்னும் எத்தனை கிடக்கின்றனவோ!

அன்புள்ள இளைஞர்களே! வழக்காடுவதற்குச் சட்டப் பட்டம் போதும். வழக்கின் வேரைத் தோண்ட ஆராய்ச்சி வேண்டும். அண்ணல் அம்பேத்கர் 1922இல் லண்டனில் பாரிஸ்டர் ஆனார். அதனோடு நில்லாமல், மறு ஆண்டே பொருளாதார ஆராய்ச்சிக்காக டி.எஸ்ஸி. பட்டமும் பெற்றார். வாதத் திறனோடு ஆராயும் பயிற்சியும் அவரிடம் ஒன்று சேர்ந்திருந்தது.

1838இல் பிரெஞ்சுக்காரர் சட்டப் பள்ளி கண்ட ஊர் இது. இன்று இங்குள்ள அரசு சட்டக் கல்லூரி அண்ணலின் பெயரையே தாங்கி நிற்கிறது. சட்டப் பட்டத்திற்குப் பின் எல்.எல்.எம்., அதன்பின் பிஎச்.டி. என்பதே படிமுறை. யு.ஜி.சி. நெட் தேர்வின் வழியே, தாழ்த்தப்பட்ட மாணவர்க்கெனத் தேசிய ஆராய்ச்சி உதவித்தொகையும் உண்டு. பிரெஞ்சு மொழியை மட்டும் இன்றே கற்கத் தொடங்குங்கள். ஆவணங்கள் புதுவையிலும் பிரான்சின் எக்ஸ் நகரிலும் காத்திருக்கின்றன.

வெள்ளி விழாக் காணும் நம் சங்கம் எழுத்தறியாத வீடுகளில் பட்டதாரிகளை உருவாக்கியது. பொன்விழாவிற்குள், அந்தத் தாயின் தாளைத் தாமே படித்து அதன் சட்டத்தையும் எடுத்துரைக்கும் ஆராய்ச்சியாளர் ஒருவரேனும் நம்மிடையே எழ வேண்டும். அதுவே நம் வேண்டுகோள்.