வட்ட எழுத்தும் புள்ளியும்

யாழ்ப்பாணத்துப் பழைய வீடொன்றின் ஓலைச்சுவடியை விரித்துப் பார்த்தோர் ஓர் உண்மையைக் கண்டிருப்பர். எழுத்தின் கோடு எங்கும் ஒரே பருமனாகச் செல்லும். இறகுப் பேனாவால் எழுதிய ஐரோப்பியரின் எழுத்தில் தடிப்பும் மெலிவும் மாறிமாறி வரும். எழுத்தாணியின் கூர்முனைக்கு அது இயலாது. நரம்போட்டத்தில் நேர்கோடு இழுத்தால் ஓலை கிழியுமென்று அஞ்சி எழுத்தை வளைத்தும் எழுதினர். ஆகவே வட்டமும் சீரான கோடும் தமிழுக்குப் புதியன அல்ல.

ஆனால் ஓலையில் ஒரு குறையும் இருந்தது. குத்தினால் துளைபடுமென்று புள்ளியைப் பெரும்பாலும் விட்டுவிட்டனர். மெய்க்கும் எகர ஒகரக் குறில்களுக்கும் புள்ளியிடுமாறு தொல்காப்பியம் விதித்திருந்தும், சுவடிகளில் மெய்யும் உயிர்மெய்யும், குறிலும் நெடிலும் ஒரே வடிவில் நின்றன. ஆசிரியர் வாய்கேட்டன்றி மாணவன் படித்தல் அரிதாயிற்று. 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் ஏகார ஓகாரங்களுக்கு வேறு குறி வகுத்தார். புள்ளியை நிலைநாட்டியது அச்சு.

அந்த அச்சுக்கலை எம் தீபகற்பத்தில் வேரூன்றிய இடங்களுள் முதன்மையானது மானிப்பாய். அங்கிருந்த அமெரிக்க மிஷன் அச்சகத்தில் 1841 சனவரி 7ஆம் நாள் ‘உதயதாரகை’ உதித்தது. அடுத்த ஆண்டு மானிப்பாய் அகராதி வெளிவந்தது. 1849இல் ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையில் அச்சியந்திரசாலை நிறுவினார். யாழ்ப்பாணத்தில் கருக்கொண்ட வின்சுலோ அகராதி 1862இல் சென்னையில் ஹண்ட் என்பாரால் அச்சிடப்பெற்றது. 67,000க்கு மேற்பட்ட சொற்களை ஒரு நூலில் அடக்கச் சிற்றெழுத்து வேண்டும். அச்சிற்றெழுத்திலும் புள்ளி தெரியவேண்டும்.

1927இல் ஜெர்மனியில், பவுல் ரென்னர் அமைத்த ‘பியூச்சுரா’ என்னும் எழுத்து வெளிவந்தது. கவராயமும் அடிமட்டமும் கொண்டு வரைந்தாற்போன்றது அது. அவ்வழியில் வந்த, முனை மழுங்கிய வட்ட எழுத்துக்கள் இன்று கணினி வழியே தமிழிலும் வழங்குகின்றன. கடைப்பலகையிலும் சிறுவர் நூலிலும் அவை கண்ணுக்கு இனியன.

எமது பாடசாலைச் சுவரில் அத்தகைய எழுத்தில் ஓர் அறிவித்தலை ஒட்டினோம். பின்வாங்கிலிருந்த சிறுவன் ‘மணம்’ என்பதை ‘மனம்’ என வாசித்தான். கண்டிக்க முற்பட்ட நான் அவனிடத்தில் போய் நின்று பார்த்தேன். தடித்த கோட்டிலே சுழிகள் ஒன்றோடொன்று ஒட்டி, மூன்றுசுழி இரண்டுசுழியாகவே எனக்கும் தெரிந்தது. அவனிடம் பிழை இல்லை.

ஓலைக்கு அஞ்சி முன்னோர் புள்ளியை விட்டனர். அஃது அவர்தம் கருவியின் கட்டாயம். எமக்கு அக்கட்டாயம் இல்லை. எழுத்தை வட்டமாக வரைவோர் வரைக. வரைந்தபின் பின்வாங்கில் ஒருமுறை அமர்ந்து அதனை வாசித்துப் பார்க்க.