ஒரே எழுத்து செய்த குழப்பம்: 100 ஆண்டுக்கு மேல் தேடிய கிரேக்கக் கோயில் கிடைத்தது எப்படி?

கிரீஸ் நாட்டின் எவியா தீவில், வேட்டைத் தெய்வமான ஆர்ட்டெமிஸுக்கு ஒரு பெரிய கோயில் இருந்தது. சின்னக் கோயில் இல்லை. அங்கு போகும் ஊர்வலத்தில் 3,000 காலாட்படை வீரர்கள், 600 குதிரை வீரர்கள், 60 தேர்கள் என்று அங்கிருந்த ஒரு தூணில் எழுதியே வைத்திருந்தார்கள். அப்படிப்பட்ட கோயில் எங்கே இருந்தது என்பதே பிறகு யாருக்கும் தெரியாமல் போனது.

தேடியவர்கள் நம்பியது ஸ்ட்ராபோவை. சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த புவியியல் அறிஞர் இவர். கோயில் இருந்த அமரிந்தோஸ் என்ற ஊர், எரெட்ரியா நகர மதிலில் இருந்து 7 ஸ்டேடியா தூரம் என்கிறது அவரது நூல். அதாவது ஒன்றரை கி.மீ. கூட இல்லை. ஆனால் எரெட்ரியாவைச் சுற்றி எவ்வளவு தேடியும் கோயில் சிக்கவில்லை.

தப்பு எங்கே?

கல்வெட்டு ஆய்வாளரான சுவிட்சர்லாந்தின் டெனிஸ் க்னோப்ஃப்ளெர் சந்தேகப்பட்டது அந்த 7 மீதுதான். பழைய கிரேக்கர்கள் எண்களையும் எழுத்தாலேயே குறித்தார்கள். 'ஸீட்டா' என்றால் 7, 'க்ஸை' என்றால் 60. கையால் நகல் எடுத்த யாரோ ஒருவர் எழுத்தை மாற்றி எழுதியிருக்கலாம் என்றார் அவர். 60 ஸ்டேடியா என்றால் சுமார் 11 கி.மீ. மொத்தக் கணக்கும் மாறிவிட்டது!

அந்தத் தூரத்தில் கடற்கரையோரம் ஒரு குன்று. அங்கிருந்த பழைய தேவாலயங்களின் சுவரில் அதைவிடப் பழைய கிரேக்கக் கட்டடக் கற்கள் இருந்தன. 2007-ல் தோண்டியபோது பெரிய சுவர் ஒன்றின் அடித்தளம் தெரிந்தது. ஆனா சுவரை மட்டும் வைத்து இது இன்ன தெய்வத்தின் கோயில் என்று சொல்லிவிட முடியாதே. கற்களை வேறு இடத்தில் இருந்தும் கொண்டுவந்திருக்கலாம்.

விடை கிடைத்தது 2017-ல். சுவிஸ், கிரேக்கத் தொல்லியல் குழு தோண்டி எடுத்த கூரை ஓடுகளில் 'ஆர்ட்டெமிடோஸ்' என்ற முத்திரை இருந்தது. 'ஆர்ட்டெமிஸுக்கு உரியது' என்று பொருள். தெய்வத்தின் பெயர் கொண்ட கல்வெட்டுகளும் கூடவே கிடைத்தன. அடுத்தடுத்த ஆண்டுகளில் கோயிலின் அடித்தளமும், பக்தர்கள் காணிக்கையாக வைத்த பொருட்களும் வெளியே வந்தன.