அரசு லேப்டாப்பில் காணாமல் போன லினக்ஸ்

அரசு கொடுத்த இலவச லேப்டாப் ஞாபகம் இருக்கிறதா நண்பர்களே? 2013-ல் பிளஸ் டூ படித்தபோது அக்காவுக்குக் கிடைத்தது, நெம்மேலியில் எங்கள் வீட்டுப் பரண் மேல் இன்னும் இருக்கிறது. ஆன் செய்தால் விண்டோஸ் மட்டும்தான் வரும். "இதுல இன்னொண்ணு இருந்துச்சுடா, என் போட்டோ எல்லாம் அதுலதான். கடைக்காரர் அழிச்சிட்டாரு" என்பாள். நிஜமாகவே அழிந்ததா என்று தோண்டியபோது கிடைத்த சரித்திரம் இது. (காமர்ஸ்காரனுக்கு எதுக்குடா இந்த வேலை என்று கேட்காதீர்கள்!)

அந்த இன்னொன்றின் பெயர் பாஸ் லினக்ஸ். டெபியன் லினக்ஸை அடிப்படையாக வைத்து, இந்திய மொழிகளில் பயன்படுத்தும்படி மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கி 2007-ல் வெளியிட்டது. அந்தக் காலகட்டத்தில்தான் உமாசங்கர் ஐ.ஏ.எஸ். தலைமையில் எல்காட் நிறுவனமும் தன் கணினிகளை சூசே லினக்ஸுக்கு மாற்றியது. பிறகு 2011 செப்டம்பர் 15-ல் இலவச மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. அதில் வந்த இயந்திரங்களில் விண்டோஸ், பாஸ் இரண்டும் ஒரே வன்தட்டில். ஆன் செய்ததும் எது வேண்டும் என்று ஒரு பட்டியல் கேட்கும்.

லட்சக்கணக்கான வீடுகளுக்குள் லினக்ஸ் போய்ச் சேர்ந்தது. ஆனால் வைரஸ் வந்தால் நாம் என்ன செய்வோம்? கடையில் கொடுத்து விண்டோஸைத் திரும்பப் போடச் சொல்வோம். அத்தோடு பட்டியல் காலி.

காரணம் 1983-லேயே இருக்கிறது. அந்த வருடம் ஐ.பி.எம். பி.சி.க்கு வந்த டாஸ் 2.0, வன்தட்டைப் பாகங்களாகப் பிரிக்கும் முறையைக் கொண்டு வந்தது. தட்டின் முதல் 512 பைட்டில், தொடக்க நிரலுக்கு 446 பைட், பாகங்களின் அட்டவணைக்கு 64 பைட். அந்த 446-ல் ஒருவர்தான் உட்கார முடியும். லினக்ஸை நிறுவினால் அது விண்டோஸையும் தேடிப் பிடித்துப் பட்டியலில் சேர்க்கும். விண்டோஸோ கேட்காமலே தன் நிரலை எழுதிவிடும். பேரேட்டின் முதல் பக்க இண்டெக்ஸைக் கிழித்த மாதிரிதான். கணக்குகள் உள்ளே பத்திரமாக இருக்கும். (எல்லாப் பாகங்களையும் அழித்துவிட்டுப் போடும் கடைகளும் உண்டு, அங்கே கணக்கும் போச்சு!) 2012-ல் விண்டோஸ் 8-ஓடு பரவலான யு.இ.எஃப்.ஐ. முறையில் ஒவ்வொன்றுக்கும் தனி ஃபோல்டர் என்பதால் இந்தச் சண்டை குறைந்துவிட்டது.

அக்காவின் லேப்டாப்பை லைவ் பென்டிரைவில் பூட் செய்து பார்த்தேன். லினக்ஸ் பாகம் அப்படியே இருந்தது! அதை மவுண்ட் செய்து, உள்ளே நுழைந்து 'கிரப்-இன்ஸ்டால்' கட்டளை கொடுத்ததும் பழைய பட்டியல் திரும்பி வந்தது. பாஸைத் தேர்ந்தெடுத்தால் பாஸ்வேர்டு கேட்டது. அக்காவுக்கு மறந்தே போய்விட்டது :-)

சரி என்று மறுபடி பென்டிரைவ் வழியாகவே உள்ளே போனோம். பள்ளிக் கடைசி நாள் படங்கள், மொத்தம் நாற்பது. ஒவ்வொன்றாகத் திறந்து, யார் யார் என்று பெயர் சொல்லிக்கொண்டே பார்த்தாள்.